குரல் ஒண்ணு, குரல் ரெண்டு

சொல்றவ பேரு ஒச்சம்மாள். வயசு அம்பத்தி நாலு. வீட்டுக்காரர் பேரு மாரிச்சாமி. இருப்பு பரளச்சிக்குக் கெழக்க மேலக்காடனேந்தல், மாரியம்மன் கோயில் தெரு. படிப்பு ஊருப் பள்ளிக்கூடத்துல அஞ்சாப்பு. என்ன தொழில்னு கேட்டீக. பருத்திக் காட்டு வேலை, கொஞ்சம் ஆடு, செவ்வா வெள்ளிக்குக் கோயில் வாசத் தெளிச்சு கோலம் போட்டு வெளக்கேத்துறது. இதுக்கு என்ன பேரோ அத எழுதிக்கோங்க. என்னைய யாரும் மெரட்டிக் கூட்டிட்டு வரல, சொல்லிக் குடுத்தும் அனுப்பல. நானாத்தான் பஸ்ஸு ஏறி வந்தேன். வர்ற வழியில திருமேனிநாதர் கோயில்ல நொழஞ்சு, துணைமாலையம்மன் சன்னதியில நின்னு, தாயே, பேசுறது நெறையாப் பேசுவேன், அதுல பொய்யின்னு ஒரு சொல்லு கலந்துரக் கூடாதுன்னு கேட்டுட்டு வந்தேன். அது இதுல சேராதுன்னு எழுதிக்கிட்டிருக்கிற ஏட்டம்மா மாரீஸ்வரி சொல்றாக. எழுதுங்க தாயி, சேந்தா எனக்கு நல்லது.

இந்த ஸ்டேஷன்ல என் தங்கச்சி மக சுகப்பிரியா மேல ஒரு மனு இருக்கு. எங்க ஊரு மருதுபாண்டி குடுத்தது. செத்துப்போன முருகலட்சுமியோட குரல, அதாவது என் தங்கச்சி குரல, அவ மக வேணும்னே ஊரு போனுக்கெல்லாம் அனுப்பிப் பயங்காட்டினா, அதக் கேட்டுத் தன் அப்பா ஆண்டிச்சாமி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில கெடக்காருன்னு எழுதியிருக்கான். அவள விசாரிச்சப்ப, அன்னிக்கு அந்தப் பழைய குரல எடுத்து வெச்சது நீதானான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொல்லியிருக்கா. எதுக்கு வெச்சன்னு கேட்டதுக்கு வாயத் தெறக்கல. அதுனால கேஸு அவ மேல நிக்கப் போகுதுன்னு சொல்றீக. கேஸுன்னு ஒண்ணு விழுந்துட்டா அப்பறம் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கம்பெனியில வேலை குடுப்பாக? அவ வாயத் தெறக்காததுக்குக் காரணம் நான். வெக்கச் சொன்னது நான். பெரியம்மாவ ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாதுன்னு அது பேசாம உக்காந்திருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன். இனி நடந்தத நடந்த வரிசையிலயே சொல்றேன்.

எங்க ஊருக்குக் குடிதண்ணி ஒசரத் தொட்டியில இருந்து வரும். தொட்டித் தண்ணிய விடுற வாலு, அதான் வால்வு, தெறக்கிறது தங்கபாண்டி. கரண்டு இருந்தா காலையில தெறப்பான், இல்லைன்னா எப்ப மோட்டார் ஓடுதோ அப்ப. முன்னெல்லாம் பொம்பளைக காட்டுக்கும் போக முடியாம, வீட்டுலயும் இருக்க முடியாம, கொடத்த வரிசையில வெச்சுட்டுக் குழாயப் பாத்துக்கிட்டே கெடப்போம். சுகப்பிரியா அருப்புக்கோட்டையில கம்ப்யூட்டர் படிச்சவ, மெட்ராசு கம்பெனி வேலைய வீட்டுல இருந்தே பாக்குறவ. இந்தக் கூத்த அவ தான் முடிச்சு வெச்சா. தங்கபாண்டி வாலு தெறந்ததும் தன் போனுல ஒரு நம்பர அமுக்குவான். உடனே அவ வீட்டு உள்ளறையில இருக்கிற கம்ப்யூட்டர் பெட்டி ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் அடிச்சு, தண்ணி வருதுன்னு சொல்லும். சொல்ற குரல் அவ அம்மா குரல்.

அந்தக் குரல் எடுத்த அன்னிக்கு நானும் கூட இருந்தேன். சன்னல அடச்சு, காத்தாடிய நிப்பாட்டி, வேர்க்க விறுவிறுக்க எந் தங்கச்சி பாயில உக்காந்திருந்தா. காகிதத்தப் பாத்துப் பேசல. கண்ண மூடிக்கிட்டா. மூடிக்கிட்டு, மேலத் தெருவுல இருந்து ஒவ்வொரு வாசலா நடந்து போற மாதிரி, அந்தந்த வீட்டு ஆள அந்தந்த மொறைய வெச்சுக் கூப்பிட்டா. மாமா, மதினி, ஏலே, ஏட்டி, எல்லாம் உண்டு. எல்லாரையும் மூணு மூணு தரம். சுகப்பிரியா, "மூணு தரம் எதுக்கும்மா, ஒரு தரம் சொன்னாப் போதும்"னா. அதுக்கு அவ கண்ணத் தெறக்காமலே, "போடி கூறு கெட்டவளே, ஒத்தக் குரலுக்கு நம்ம ஊர்ல எவ திரும்புவா? முனி கூப்பிடுதுன்னு கதவ அடச்சுக்குவா"ன்னா. ஏட்டம்மாவுக்கு டவுனுங்கிறதால சொல்றேன். எங்க பக்கம் உச்சி வேளையில யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, மொதத் தரத்துக்கு ஏன்னு கேக்க மாட்டோம். ரெண்டாந்தரத்துக்கும் மாட்டோம். காத்துக் கருப்புக்கு ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடத் தெம்பு கெடையாது. மூணாந்தரமும் கூப்பிட்டா அது மனுசந்தான், அப்ப வாரேன்னு சொல்லலாம். இத நாங்க சின்னதுல இருந்தே காட்டுல கத்துக்கிட்டது.

அதுக்குப் பெறகு தெனமும் அவ குரலுக்குத்தான் ஊரு எந்திரிச்சுச்சு. அவ வீட்டுல ஒலைய வெச்சுட்டு இருப்பா, அவ குரலு பாட்டுக்குத் தெருவுல திரியும். நான் காட்டுல களை எடுக்கும்போது மடியில இருக்கிற போன எடுத்தா "ஒச்சக்கா"ம்பா. போயி ரெண்டு கொடம் புடிச்சுட்டு வந்து பாத்தா அவளே முன்னாடி நின்னுக்கிட்டு, "என்னக்கா, யாரு கூப்பிட்டா ஒன்னய?"ன்னு சிரிப்பா. அவ வீடு குழாய்க்குப் பக்கம், அதுனால எப்பவும் அவ கொடந்தான் வரிசையில மொதல்ல நிக்கும்.

அதுக்குப் பெறகு போன வருசம் பருத்தி வெடிக்கிற நாள்ல அவளுக்கு நெஞ்சு வலி வந்து போய்ச் சேந்துட்டா. அவ போன பெறகும் அவ குரலு கூப்பிட்டுச்சு. ஊருல பாதிப் பேரு கேட்டுட்டுக் கண்ணத் தொடச்சுக்கிட்டுத் தண்ணி புடிச்சாக. ஊர்க் கூட்டத்துல மருதுபாண்டி எந்திரிச்சு, "செத்தவுக குரலு வீட்டுக்குள்ள வந்து பேரு சொல்லிக் கூப்பிட்டா குடும்பத்துக்கு ஆகாது, மாத்துங்க"ன்னான். சுகப்பிரியா "சரி மாமா"ன்னு சொல்லிட்டு வந்துட்டா. வந்து, பழைய குரல எடுத்துத் தள்ளி வெச்சா. டவுனுப் பிள்ளை ஒருத்தியப் பேச வெச்சுப் புதுக் குரல் செஞ்சா. அது, அன்பார்ந்த பொதுமக்களே, குடிநீர் திறக்கப்பட்டுள்ளதுன்னு ஒரே ஒரு தரம் சொல்லிட்டு வெச்சுரும். நல்ல குரல்தான், குத்தஞ்சொல்லக் கூடாது. யாரச் சொல்லுதுன்னு மட்டும் தெரியாது.

இந்த எடத்துல கம்ப்யூட்டர் விசயத்த ஒரு வார்த்தை சொல்லணும், இல்லைன்னா பின்னாடி நடந்தது வெளங்காது. போனு அடிக்கிற புரோகிராமுக்குள்ள குரல் கெடையாது. குரல் தனி. அத அவுக லைப்ரரிங்கிறாக. புத்தகம் இருக்கிற லைப்ரரி இல்ல, நம்ம அஞ்சறைப் பொட்டி மாதிரின்னு வெச்சுக்கோங்க. கொழம்பு வெக்கிறவ கைய நீட்டினா அந்த எடத்துல அந்தப் பொட்டி இருக்கணும். புரோகிராமு ஒவ்வொரு தரம் ஓடும்போதும் அந்த எடத்துக்குக் கைய நீட்டி, அங்க எது இருக்கோ அத எடுத்துக்கும். பழைய குரல் இருந்த அதே எடத்துல புதுக் குரல அவ வெச்சதால, புதுக் குரல் பேசுச்சு. அவ்வளவுதான்.

அதுக்குப் பெறகு முருகலட்சுமிக்கு மொத வருசத் திதி வந்துச்சு. எங்க வழக்கத்துல திதிக்குப் படைக்கும்போது, போனவுக பொழங்குனத எல்லாம் எலைக்கு முன்னாடி எடுத்து வெப்போம். அவளோட அரக்கு நெறத்துச் சீலை, மூக்குக் கண்ணாடி, வெத்தலச் செல்லம் எல்லாம் வெச்சோம். வெச்சுட்டு நான் சுத்திப் பாத்தேன். பாத்துட்டு, "ஏட்டி பிரியா, ஒங்கம்மா பொழங்குனதுலயே பெருசு அவ குரலுதானடி, அத வெக்காம என்ன படையலு"ன்னு சொன்னேன். இது நான் சொன்னது. வேற யாரும் சொல்லல. அவ உள்ளறைக்குப் போயி, தள்ளி வெச்சிருந்த பழைய குரல எடுத்து, அது முன்னாடி இருந்த அதே எடத்துல வெச்சா. புதுசத் தள்ளி வெச்சா. அந்த எடத்துல வெச்சாத்தான் பேசுமாம். பேச விட்டா. "அக்கா"ன்னு ஒரு சொல்லு வந்துச்சு. அதுக்கு மேல கேக்க எங்களால முடியல, நிப்பாட்டச் சொல்லிட்டேன். அதுக்குள்ள அடுப்புல பாயசம் பொங்கிருச்சுன்னு அவ ஓடிட்டா. திருப்பி மாத்தி வெக்கணும்ங்கிற நெனப்பு அவளுக்கும் வரல, எனக்கு அந்த விசயமே தெரியாது.

அன்னிக்குக் காலையில இருந்து கரண்டு இல்ல. பெட்டி பேட்டரியில ஓடுச்சு. தண்ணியும் தெறக்கல. உச்சி வெயிலுக்குத்தான் கரண்டு வந்துச்சு. நாங்க எல போட்டு, காக்காய்க்கு வெச்சு, சாம்பிராணி காட்டி, வந்து சாப்பிடு தாயின்னு அவளக் கூப்பிட்டுட்டு, கதவச் சாத்திட்டு வெளிய உக்காந்திருந்தோம். படைச்ச எடத்துல ஆளு இருக்கக் கூடாது, அவுக வந்து சாப்பிட்டுப் போகணும். அன்னிக்குக் காத்தே இல்ல. வேப்ப எல ஒண்ணு ஆடல. கரிசக் காட்டுக்கு மேல கானலு தண்ணி கணக்கா நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதுல அந்தக் கோடியில நின்ன ஆடுக எல்லாம் காலில்லாம மெதந்துச்சுக.

அப்பத்தான் பக்கத்து வீட்டுல இருந்து கேட்டுச்சு. "வெள்ளத்தாயி. ஏ வெள்ளத்தாயி." செவுத்துக்கு அந்தப் பக்கம் முருகலட்சுமி நின்னு கூப்பிடுறா. நான் சுகப்பிரியா மொகத்தப் பாத்தேன், அவ என் மொகத்தப் பாத்தா. அது முடியறதுக்குள்ள எதுத்த வீட்டுல, "மதினி." அதுக்கு அடுத்த வீட்டுல, "ஏலே தங்கமாரி, ஒங்கம்மாவ எழுப்புடா." அடுப்படியில இருந்த போனு, ஆணியில தொங்குன சட்டையில இருந்த போனு, காட்டு வரப்புல துண்டுல முடிஞ்சு வெச்ச போனு, எடுக்காமலே சத்தமாப் பேசுற மாதிரி பிள்ளைக செஞ்சு வெச்ச போனு எல்லாத்துலயும் அவ. ஒவ்வொண்ணுலயும் வேற பேரு, வேற மொறை. தெரு நெடுக ஒரே நேரத்துல எல்லா வாசல்லயும் நின்னா. நாங்க அவளக் கூப்பிட்டோம், அவ எங்க எல்லாரையும் கூப்பிட்டா.

அதுக்குப் பெறகு என் மடியில இருந்த போனு அடிச்சுச்சு. எடுத்துக் காதுல வெச்சேன். "ஒச்சக்கா"ன்னா. நான் பேசல. "ஏ ஒச்சக்கா"ன்னா. பேசல. "ஏக்கா, காது கேக்கலையா, தண்ணி வருது வா"ன்னா. மூணு ஆயிருச்சு. "வாரேன் லட்சுமி"ன்னு சொன்னேன். போனுக்குச் சொன்னா அதுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாம இல்ல. சொன்னேன். கொடத்த எடுத்துக்கிட்டு நடந்தேன்.

தெருவுல பாத்தா எல்லா வீட்டுப் பொம்பளைகளும் கொடத்தோட வாராக. ஒருத்தி மொகத்துலயும் பயம் இல்ல, பயந்தாங்கன்னு எழுதியிருந்தா அது தப்பு. நல்ல தூக்கத்துல எழுப்பி விட்ட பிள்ளைக நடக்குற மாதிரி நடந்தாக. நாயி கூடக் கொரைக்கல. குழாயில மொதல்ல காத்து சீறிச்சு, அப்பறம் தண்ணி வந்துச்சு. யாரும் கொடத்த வெக்கல. எல்லாரும் ஒரு கொடத்து எடம் விட்டுத் தள்ளி நின்னிருந்தாக. தண்ணி அந்தக் காலி எடத்துல விழுந்து, கல்லுல தெறிச்சு, காவாயில ஓடுச்சு. ஒரு சொட்டுக்கு அடிச்சுக்கிற ஊரு எங்க ஊரு. அன்னிக்கு ஒரு கொடம் நெறையிற நேரம் தண்ணிய வழிய விட்டுப் பாத்துக்கிட்டு நின்னோம். அதுக்கப்பறந்தான் வெள்ளத்தாயி தன் கொடத்த வெச்சா.

பேனாவ வெச்சுட்டு ஏட்டம்மா என்னையவே பாக்குறாக. எழுதுங்க தாயி, இன்னும் இருக்கு.

அதுக்குப் பெறகு வாலு கிட்ட இருந்து தங்கபாண்டி ஓடியாந்தான். "மதினி, நம்பர அமுக்கினேன், எனக்கே முருகலட்சுமி மதினி குரலு வருது, நான் ஒண்ணுமே செய்யல, மாரியாத்தா சத்தியமா நம்பரத்தான் அமுக்கினேன்"னான். அவன் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஆண்டிச்சாமி மாமா வீட்டுல இருந்து சத்தம் வந்துச்சு. போயிப் பாத்தா அவரு முத்தத்துல கெடந்தாரு, பக்கத்துல கொடம் உருண்டு கெடந்துச்சு. மாமாவத் தூக்கித் தங்கபாண்டி ஷேர் ஆட்டோவுல போட்டு அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனான். மருதுபாண்டி பாளையம்பட்டியில கடை வெச்சிருக்கான், அவன் அங்க இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போனான்.

சுகப்பிரியா உள்ளறையில பெட்டிக்கு முன்னாடி தரையில உக்காந்திருந்தா. குரல மாத்தி வெச்சுட்டா. "என்னடி ஆச்சு"ன்னு கேட்டேன். "பெரியம்மா, எந்தக் குரல்னு நான் நம்பரே எழுதல. வெளிய இருந்து வாங்கிச் சேக்குற லைப்ரரிக்கெல்லாம், இந்த நம்பரு தான் வேணும், வேற வந்தா எடுக்காதன்னு எழுதி வெச்சிருக்கேன். வீட்டுக்குள்ள நானே செஞ்சு வெச்சதுக்கு எழுதல. நம்ம வீட்டுது எங்க மாறிடப் போகுதுன்னு விட்டுட்டேன்"னா. அது எனக்கு நல்லா வெளங்குச்சு. கல்யாண வீட்டுக்கு இரவல் போற அண்டாவுக்குத்தான் பேரு வெட்டுவோம். அடுப்படியில நாம பொழங்குற செம்புக்கு யாரு பேரு வெட்டுறா? யாரோட செம்புன்னு சண்டை வந்த அன்னிக்குத்தான் வெட்டலையேன்னு தோணும்.

"நம்பரு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்"னு கேட்டேன். "புதுக் குரலோட நம்பரு அந்த எடத்துல இல்லைன்னு புரோகிராமு நின்னு போயிருக்கும் பெரியம்மா. யாருக்கும் போனு போயிருக்காது. தங்கபாண்டி மாமா தெருவுல கத்திச் சொல்லியிருப்பாக. அவ்வளவுதான்"னா. "அப்ப எழுதுடி இப்பவே"ன்னேன். எழுதினா. அம்மா குரலுக்கு ஒண்ணுன்னும் புதுசுக்கு ரெண்டுன்னும் பேரு குடுத்தா. ஊருக்கு ரெண்டு, ரெண்டு இல்லைன்னா நில்லு, வேற எதையும் தொடாதன்னு எழுதினா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன், சின்ன வரி ஒண்ணுதான். அவ எழுதி முடிச்சதும், இனி ஒண்ணும் கொழம்பக் கூடாது தாயேன்னு கும்புட்டு, பெட்டி நெத்தியில குங்குமம் வெச்சேன். நீங்க எடுத்துட்டு வந்து அந்த மேசையில வெச்சிருக்கீகளே, அந்தப் பெட்டியில குங்குமம் இன்னும் இருக்கு, பாத்துக்கோங்க. வேணும்னு செஞ்சவ அன்னிக்கே உக்காந்து அந்த வரிய எழுதுவாளான்னு எசமான் யோசிக்கணும்.

அதுக்குப் பெறகு மருதுபாண்டி மனு குடுத்தான், நீங்க வந்து பெட்டிய எடுத்தீக. எடுக்கும்போது சுகப்பிரியா அதுல இருந்த ஒயர எல்லாம் ஒவ்வொண்ணாச் சுத்திச் சுத்தி, ரப்பர் வளையம் போட்டு, பெட்டி மேல வெச்சுக் குடுத்தா. மறுநா ஊருல பேசுனப்ப மருதுபாண்டி, "அந்தப் பழைய குரல எங்க கண்ணு முன்னாடி அழிக்கட்டும், மனுவ நான் வாங்கிக்கிறேன்"னு சொன்னான். நல்ல பேச்சுத்தான்னு ஊருல எல்லாரும் சொன்னாக. அவ சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. ஊருக்காரவுக பேரும் நம்பரும் அதுல இருக்குன்னு அவ அந்தக் குரல வேற எங்கயும் வெக்கல. அந்தப் பெட்டியில அழிச்சா அழிச்சதுதான்.

அதுக்குப் பெறகு நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரும் போகச் சொல்லல. மாமாவுக்குக் கால்ல கல்லக் கட்டித் தொங்க விட்டிருக்காக. என்னையப் பாத்ததும், "என்ன ஒச்சம்மா, கேஸுக் குடுத்தவன் அப்பன நோட்டம் பாக்க வந்தியா? வெறுங்கையோடயா வந்த?"ன்னாரு. "மாரியம்மன் துந்நூறு கொண்டாந்திருக்கேன் மாமா"ன்னு நெத்தியில பூசி விட்டேன். மருதுபாண்டி டீ வாங்கப் போயிருந்தான். நான் கேட்டேன், "மாமா, அந்தக் கொரலுக்குப் பயந்தா விழுந்தீக?"

அவரு சொன்னத அப்படியே சொல்றேன், அப்படியே எழுதிக்கோங்க. "யாரு பயந்தா? கட்டில்ல படுத்திருந்தேன். போனு சட்டையில இருந்துச்சு, பட்டன் அமுக்காமலே பேசுற மாதிரி பேரன் செஞ்சு வெச்சிருக்கான். ‘மாமா’ன்னா. நான் அசையல. ‘ஆண்டிச்சாமி மாமா’ன்னா. அசையல. எனக்கு முனி தெரியும், பிசாசும் தெரியும். ‘மாமா, அந்த பீடியக் கீழ போட்டுட்டு எந்திரிங்க, தண்ணி வருது’ன்னா. மூணு ஆயிருச்சுல்ல? அதுக்கு மேல அது பேய் இல்ல, நம்ம முருகலட்சுமி. வாரேன் தாயின்னு எந்திரிச்சுக் கொடத்த எடுத்தேன். ஆட்டுக் கயிறு கால்ல மாட்டிக்கிச்சு, விழுந்தேன். கேஸு போடணும்னா அந்த ஆட்டு மேல போடச் சொல்லு. அது ஊருக்குள்ளதான் இருக்கும், எங்கயும் தப்பிச்சுப் போகாது."

"அப்ப மருது ஏன் மாமா இப்படி எழுதிக் குடுத்தான்"னு கேட்டேன். "அவன் என்னைய எங்க கேட்டான்? அவன் தான் பயந்தான்"னாரு. அந்நேரம் மருதுபாண்டி டீயோட உள்ள வந்துட்டான். அவன் காதுல விழுந்துருச்சு. டீய ஆத்துனான், ஆத்துனான், அது ஆறியே போச்சு. அப்பறம், "கடையில இருந்தேன் மதினி. கூட்டம். போனு அடிச்சுச்சு, எடுத்தா, ‘ஏலே மருது’ங்குது. ஏலே மருதுன்னு என்னையக் கூப்பிட இப்ப யாரு இருக்கா?"ன்னான். "எத்தனாவது தரத்துல போன வெச்ச?"ன்னு கேட்டேன். "வெக்கல. மூணையும் கேட்டேன். எனக்குப் பதில் சொல்ல வாயி வரல"ன்னான். அவன் கண்ணு கலங்குனத நான் பாத்தேன், அத எழுத வேணாம்னா விட்டுருங்க. மனுவ வாங்குறேன்னு அவன் சொல்லல. அவன் சொல்லாதத நான் சொன்னேன்னு வரக் கூடாது.

கெளம்பும்போது மாமாகிட்ட, நம்பரு போட்ட விசயத்தச் சொன்னேன். ஊருக்கு ரெண்டுன்னு எழுதியிருக்கா மாமா, இனி ஒண்ணு வராதுன்னு சொன்னேன். அவரு, "அந்த ரெண்டாம் நம்பரு பிள்ளை யாரக் கூப்பிடுதுன்னே எனக்குத் தெரியல ஒச்சம்மா. பொதுமக்களேங்குது. நான் பொதுமக்களா? நானா எந்திரிக்கிறதுக்குள்ள தண்ணி நின்னு போயிருது. ஊருக்கு ரெண்டு எழுதட்டும். எனக்கு ஒண்ணுன்னு எழுத முடியுமான்னு பிள்ளைகிட்டக் கேளு"ன்னாரு. மருதுபாண்டி, "அப்பா, அது செத்தவுக"ன்னு ஆரமிச்சான். "போனு என் போனு"ன்னுட்டு அவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

ராத்திரி சுகப்பிரியாகிட்டக் கேட்டேன். முடியும்னா. ஒவ்வொரு போனுக்கும் எந்த நம்பரு குரலுன்னு எழுதி வெச்சா அததுக்கு அதது போகும், ஒண்ணோட ஒண்ணு கலக்காதாம். ஒண்ணும் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம், எழுதி வெக்காம விட்டாத்தான் தப்பாம். அதச் சொல்லிட்டு, "ஆனா பெட்டி ஸ்டேஷன்ல இருக்கே பெரியம்மா"ன்னா. பெட்டி போன பெறகு அவ வாயத் தெறந்து பேசுனது நேத்து ராத்திரிதான்.

அதுனால நான் சொல்றது இதுதான். அந்தக் குரல எடுத்து வெக்கச் சொன்னது ஒச்சம்மாளாகிய நான், படையலுக்காகச் சொன்னேன், ஊரக் கெடுக்கச் சொல்லல. சுகப்பிரியா வெச்சது என் சொல்லுக்காக. ஊருக்குப் போனது நம்பரு எழுதாததால. ஆண்டிச்சாமி மாமா விழுந்தது ஆட்டுக் கயித்தால, அத அவுககிட்டயே போயிக் கேட்டுக்கோங்க, பேசுற நெலமையிலதான் இருக்காக. குரல அழிக்கச் சொல்லி யாரு கேட்டாலும் அழிக்காதீக. ஆண்டிச்சாமி மாமா போனுக்கு ஒண்ணு, என் போனுக்கும் ஒண்ணு, மத்தவுகளுக்கு அவுக கேக்குற நம்பரு. அது குத்தம்னா என் மேல எழுதிக்கோங்க.

ஏட்டம்மா வாசிச்சுக் காட்டுனாக, காது குடுத்துக் கேட்டேன். நான் பேசுனதுல ஒரு வீசை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. கண்டதக் கண்டபடி, கேட்டதக் கேட்டபடி சொன்னது, துணைமாலையம்மன் அறிய நெசம். மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டா வரணும்னு சொல்றாக. வாரேன். ஆனா ஒரு தரம் கூப்பிட்டுட்டு வரலைன்னு எழுதிராதீக. மூணு தரம் கூப்பிடுங்க.

ஒப்பம்
மா. ஒச்சம்மாள்